இடதுபக்க சீட்டில் சும்மா இருத்தல்

தென்காசியில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். மீதிப்பேர் ஓட்டுவதைப் பார்த்தாலே அவர்கள் என்னிடம் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். இப்படிப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வருஷம் மாசி மாதம், இலத்தூர் ரோட்டில் வைத்து ஆண்டவன் அந்த வாயை அடைத்தான். எந்த ஆண்டவன் என்பதில் எனக்கு அப்புறம் பெரிய குழப்பம் வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

என் பிழைப்பு டிரைவிங் ஸ்கூல். எங்கள் காரில் இடதுபக்கத்து ஆளுக்கென்று தனியாக ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. வலதுபக்கம் உட்கார்ந்திருப்பவர் தான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். இடதுபக்கம் உட்கார்ந்திருக்கிற நான், நானில்லை என்றால் இந்த ஆள் இந்நேரம் குளத்துக்குள் கிடப்பார் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். இரண்டு பேர் நினைப்பிலும் கார் நகரும்.

அன்றைக்கு வலதுபக்கம் இருந்தவர் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயது. ஊர் ஊருக்கு லாரி அனுப்புகிறவருக்குத் தானே ஒரு காரை நகர்த்த வேண்டும் என்று திடீரென்று ஆசை. நல்ல ரோடு. எதிரே ஆள் இல்லை. மனுஷர் முப்பதில் போய்க்கொண்டிருந்தார். ஒரு காரணமும் இல்லாமல் என் நெஞ்சுக்குள் யாரோ ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி ஆயிற்று. மூச்சு வரவில்லை. கை மரத்தது. செத்தேன் என்று நினைத்தேன். நினைத்த வேகத்தில் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

"அண்ணாச்சி, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றார் அவர், ஸ்டியரிங்கில் இருந்து நெற்றியை எடுத்துக்கொண்டு.

"நாய்" என்றேன்.

"எங்கன?"

"போயிட்டு."

அவர் தங்கமான மனுஷர். இறங்கிப் போய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

அந்த ஒரு வாரத்தில் இல்லாத நாய்கள் ஐந்து குறுக்கே வந்தன. படிக்க வந்த ஒரு பெண் தன் சிநேகிதியிடம், "அந்த ஸ்கூல்ல சேராத, அவரு போற ரோட்ல எல்லாம் நாயா வருது" என்று சொன்னதாகக் காதுக்கு வந்தது. ஆறாவது நாய் வீட்டுக்கே வந்தது. சாயந்திரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அதே ஷட்டர். என் மனைவி ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஆட்டோவில் உட்கார்ந்து வழியெல்லாம் நான் தரையை மிதித்துக்கொண்டே போனேன். ஆட்டோக்காரர் என்னிடம் படித்தவர்தான். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "சார், பிரேக்க நான் பிடிச்சுக்கிடுதேன். நீங்க விட்டுருங்க."

டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஹார்ட் ரொம்ப நல்லாருக்கு" என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு அமர்க்களத்துக்கு ஒரு சின்ன அடைப்பாவது இருந்திருக்கலாம். "இதுக்குப் பேரு பேனிக். மாத்திரை தாரேன், ஒழுங்கா சாப்பிடுங்க. கூடவே தியானம் மாதிரி ஏதாவது செய்யுங்க."

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன். ஒரு மாற்று வாத்தியாரை வண்டியில் ஏற்றிவிட்டு, நான் ஆபீசில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருக்கிற சிக்னல் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இத்தனை வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த அந்த இடதுபக்க சீட்டில் மறுபடி உட்கார முடிய வேண்டும். மோட்சமெல்லாம் நான் கேட்கவில்லை. கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தாலே நெஞ்சு ஹாரன் அடித்தது.

டாக்டர் சொன்ன அந்த 'மாதிரி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

சித்திரையில் பத்து நாள் மௌன வகுப்பு ஒன்றுக்குப் போனேன். பேசக்கூடாது, போன் கூடாது, பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்கவும் கூடாது. நான் பேசாமல் இருப்பேன் என்று என் வீட்டில் யாரும் நம்பவில்லை. "ரெண்டாம் நாளே உங்கள அனுப்பி வச்சிருவாங்க, நான் கதவப் பூட்டாம வைக்கேன்" என்றாள் மனைவி. ஆனால் வாயை மூடுவது ஒரு பாடாகவே இல்லை. மூச்சுதான் பாடாக இருந்தது. "மூச்சு எப்படிப் போகுதோ அப்படியே பாருங்க. அத மாத்தாதீங்க" என்றார்கள். ஒன்று தப்பாகப் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது என் தொழிலிலேயே கிடையாது. நான் பார்க்க ஆரம்பித்ததும் மூச்சுக்குக் கூச்சம் வந்துவிட்டது. புதிதாகப் படிக்க வந்தவர் கிளட்சை விடுகிற மாதிரி இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது. நான் உள்ளுக்குள் பதறி, விடு, மெதுவா விடு, இப்ப மூணாவது போடு என்று அதற்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம் ஹால் ஊழியர் ஒருவர் என் முன்னால் ஒரு துண்டுத் தாளை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். 'ஐயா, நீங்கள் வலது காலால் முன்னால் இருப்பவரை உதைத்துக்கொண்டே இருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தது. முன்னால் இருந்தவரைப் பார்த்தேன். பாவம், மூன்று நாளாக அவர் அதையும் சேர்த்து, வருகிறது போகிறது என்று கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு முக்தி உறுதி.

பத்து நாளும் இருந்தேன். ஒரே ஒரு தடவை, ஏழாம் நாள் என்று ஞாபகம், மூச்சு தன்னால் போயிற்று, வந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. ஒரு பத்து மூச்சுதான் இருக்கும். 'அடடே' என்று நினைத்தேன். அந்த அடடேயில் போய்விட்டது.

ஊருக்குத் திரும்பியதும் என் ஆபீசுக்குப் பக்கத்துக் கடையில் தைக்கிற பாய் விசாரித்தார். எனக்கு அவர் இருபது வருஷத்துக் கூட்டாளி. விடியற்காலை பஜ்ருத் தொழுகை முடிந்து வந்து, மெஷினில் கை வைக்குமுன் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருவார். தூங்குகிறார் என்றுதான் அத்தனை வருஷமும் நான் கேலி பண்ணியிருக்கிறேன்.

"மூச்ச யாருவே பாக்கா? நீரா?" என்று கேட்டார்.

"பின்ன?"

"அங்கதான் தப்பு. பாக்கது நீரு இல்ல. உம்மள ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான். உள்ள போற மூச்சுல அவன் பேரு, வெளிய வார மூச்சுல அவன் பேரு. மிச்சத்த அவன் பாத்துக்கிடுவான்."

ஒரு வாரம் அவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவருக்கு முகத்தில் அப்படி ஒரு அமைதி வரும். எனக்கு, என்னை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாலே லைசென்ஸ் டெஸ்ட் எடுக்க வருகிற இன்ஸ்பெக்டர்தான் கண்ணுக்குத் தெரிந்தார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, என் தப்புக்கெல்லாம் மார்க் குறைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "வேய், உம்ம வேலைய முதல்ல விடும். படைச்ச ரப்பு உமக்கு லைசென்ஸ் கொடுத்துத்தானே இங்கன அனுப்பி வச்சிருக்கான்?"

குற்றாலத்தில் ஒரு சாமியார் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அங்கேயும் போனேன். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். காவி வேட்டி, ரிம் இல்லாத கண்ணாடி. என் கதையைக் கேட்டுவிட்டு, "பயம் வருதுன்னு தெரியுதுல்லா? யாருக்குத் தெரியுது?" என்றார்.

"எனக்குத்தான்."

"அந்த 'எனக்கு' பயப்படுதா, இல்ல பயத்தப் பாக்குதா?"

"ரெண்டும் ஒரே ஆள்தான் சாமி. எங்க ஸ்கூல்ல ஆள் பத்தாது."

அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "அப்போ ஓவர்டைம் பாக்கிற அந்த ஆள் எங்க இருக்காருன்னு தேடிப் பாருங்க" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னை ஒருத்தர் ஜெயித்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது தேடினேன். இலஞ்சி வரைக்கும் கிடைக்கவில்லை. இலஞ்சியில் டிரைவர் ஒரு பிரேக் போட்டார். ஆள் கிடைத்துவிட்டார். என் வலது காலில்தான் இருந்தார்.

கான்வென்ட் ஸ்கூல் சிஸ்டர் ஒருவரும் உண்டு. என்னிடம் கார் படித்தவர்களில் முதல் நாளே பயப்படாமல் உட்கார்ந்த ஒரே ஆள். ரோட்டில் பார்த்து, மெலிந்துவிட்டீர்களே என்று விசாரித்தார். சொன்னதும், "சாயந்திரம் சேப்பலுக்கு வாங்க, சும்மா இருக்கலாம்" என்றார். அவர்கள் அங்கே நான்கைந்து பேர், ஒரு சின்னச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இருக்கிறார்கள். கொஞ்சம் கழிந்ததும் அந்தச் சொல்லையும் விட்டுவிட வேண்டும். "சொல்ல விட்டப்புறம் என்ன செய்யணும் சிஸ்டர்?" என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யாண்டாம். அவர் செய்வாரு." நான் சொல்லை விட்டேன். தூங்கிவிட்டேன். குறட்டை கேட்டதாக அவர் சொல்லவில்லை. மற்ற நான்கு பேரும் சொன்னார்கள்.

எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நானும் பாயிடம் ஒருநாள் அப்படிப் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "எல்லா ரோடும் ஒண்ணுதான்னு நீரு பாடம் நடத்துவீராவே?" என்றார். நியாயம்தான். மௌன வகுப்பில், பார்க்கிறவன் என்று ஒருவனே கிடையாது, பார்ப்பது மட்டும்தான் என்றார்கள். சாமியார், பார்க்கிறவன் மட்டும்தான் நிஜம் என்றார். பாய்க்கும் சிஸ்டருக்கும் பார்ப்பது வேறு ஆள், நாம் பார்க்கப்படுகிறவர்கள். இதெல்லாம் எப்படி ஒன்றாகும்? அதைத் தீர்த்துவைக்க நான் யார்? ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான்கு இடத்திலும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, கையை எடு என்பதுதான். நான்கு இடத்திலும் நான் எடுக்கவில்லை.

ஆடி பிறந்து, சாரல் நன்றாக விழ ஆரம்பித்திருந்தது. ஒரு காலையில் என் மனைவி இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தாள். எல்எல்ஆர். படிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற தற்காலிக லைசென்ஸ். அவள் பெயர், அவள் போட்டோ. மாசி மாதமே எடுத்திருக்கிறாள்.

"இது முடியதுக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. நீங்க சொல்லித்தாரியளா, இல்ல பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த ஸ்கூல்ல போய்ச் சேரட்டுமா?"

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். கல்யாணமாகி இருபத்துநான்கு வருஷம். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் இவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கேட்டபோதெல்லாம், உனக்கு நான் டிரைவர் இருக்கேன்லா என்று ஜோக் அடித்திருக்கிறேன்.

"எதுக்குட்டி இப்ப திடீர்னு?"

"திடீர்னா? அன்னைக்கு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு வேர்த்து ஊத்துது உங்களுக்கு. வாசல்ல காரு நிக்கி. டிரைவிங் ஸ்கூல்னு கொட்டை எழுத்துல போர்டு வேற. நான் தெருவுல நின்னு ஆட்டோவக் கூப்பிடுதேன். இன்னொரு நாளும் அப்படி நிக்க என்னால முடியாது."

அவள் குரல் ஏறவில்லை. சட்னியை என் தட்டில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஐந்து மாதமாக என் பயத்தை நான்கு மதக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். அதே வீட்டில் இன்னொரு பயம் சத்தமில்லாமல் ஒரு தாளை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது.

மறுநாளே ஆரம்பித்தோம். முதல் நான்கு நாள் நான் காருக்குள் ஏறவில்லை. ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் அவள் வண்டியை முதல் கியரில் உருட்ட, நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தபடி பாடம் சொன்னேன். பார்த்தவர்களுக்கு நான் காரை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிற மாதிரித்தான் தெரிந்திருக்கும். இரண்டாவது கியருக்கு ஓடினேன். மூன்றாவதுக்கு நுரை தள்ளியது.

ஐந்தாம் நாள் அவள் வண்டியை நிறுத்தி, உள்ளிருந்தபடியே இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுங்க. ஐந்தருவிக்குப் போவோம்."

"சீசன் கூட்டம்டி."

"கூட்டத்துல ஓட்டத்தானே படிக்கேன்? மைதானத்துக்குள்ளயா உங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவேன்?"

ஏறினேன். நெஞ்சு ஹாரன் அடித்தது. பெல்ட்டைப் போட்டேன். காலைக் கீழே வைத்ததும் அது நேரே பிரேக்கின்மேல் போய் ஏறிக்கொண்டது. வண்டி நகர மாட்டேன் என்றது. "மிதிக்காதிய" என்றாள். எடுத்தேன். திரும்ப ஏறியது. "மிதிக்காதியங்கேன்லா." வேறு வழியில்லாமல் இரண்டு காலையும் மடக்கி, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "சூடம் எதுவும் கொளுத்தணுமா?"

"ஓட்டுட்டி."

ஆளில்லாத ரோடு முடிகிறவரைக்கும் அப்படியே போனோம். கை மட்டும் ஹேண்ட் பிரேக்கில் இருந்தது. தியானம் வேறு, ஹேண்ட் பிரேக் வேறு. இலஞ்சி தாண்டிக் கூட்டம் தெரிந்ததும் காலைக் கீழே இறக்கினேன். இந்தத் தடவை பிரேக்குக்கு மேலே, அதைத் தொடாமல், ஒரு விரற்கடை விட்டு நிறுத்தினேன். அந்த விரற்கடையில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. கால் இறங்கத் துடிப்பது தெரிந்தது. துடிக்கட்டும் என்று இருந்தேன். அவ்வளவுதான்.

குற்றாலம் வளைவில் கேரளாப் பதிவு டூரிஸ்ட் பஸ் ஒன்று எங்கள் முன்னால் ரிவர்ஸ் எடுத்தது. அவள் பிரேக் போட்டாள், சரியான நேரத்தில். வண்டி அணைந்தது. ஸ்டார்ட் பண்ணினாள். மறுபடி அணைந்தது. பின்னால் ஏழெட்டு ஹாரன். எண்ணெய் தேய்த்த உடம்போடு துண்டைக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டிய ஒருவர், "யம்மா, வண்டிய எடும்மா, அருவி வத்திரும்!" என்றார். "அது வத்தாது அண்ணாச்சி, நீங்க போய்க் குளிங்க" என்றாள் அவள். மூன்றாம் தடவை கிளட்சை மெதுவாக விட்டாள். வண்டி பூப்போல நகர்ந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கால் மிதிக்கவும் இல்லை. அதற்கு நான் காரணம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான்.

ஐந்தருவிப் பக்கம் வண்டியை நிறுத்தினாள். "நான் ஒரு குளியல் போட்டுட்டு வாரேன். நீங்க?" என்றாள். நான் இருக்கேன் என்றேன். மாற்றுத்துணிப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் கூட்டத்தில் மறைந்த பிறகுதான் அது வந்தது. வண்டி நிற்கிறது, சாவி அவளிடம், ஓட்டவே ஆள் இல்லை. அப்போது வருகிறது பயம்! புத்தியில்லாத பயம். வழியெல்லாம் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்து, இப்போதுதான் ஏறியிருக்கும் போல. ஷட்டர் விழுந்தது. கை கதவுப் பிடிக்குப் போயிற்று. இறங்கினால் சரியாகிவிடும், ஐந்து மாதமாக அப்படித்தான் இறங்கித் தப்பித்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு இறங்கினால் நாளைக்கும் இறங்குவேன், அதற்கப்புறம் அந்த சீட் எனக்கில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. பிடியைப் பிடித்தபடியே இருந்தேன். திறக்கவில்லை.

கண்ணாடியில் சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சைப் பார்க்கலாமா என்று நினைத்தேன். பெயர் சொல்லலாமா, யாருக்குப் பயம் என்று கேட்கலாமா? ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. பரீட்சை ஹாலில் எல்லாம் மறந்து போகிற மாதிரி. சரி, செத்தால் இங்கேயே சாகிறேன், அருவிக்குப் பக்கத்தில், பார்க்கிங்குக்குச் சீட்டு எடுத்த இடம் என்று விட்டுவிட்டேன். நெஞ்சு அடித்தது. வேர்த்தது. விரல் நடுங்கியது. இதெல்லாம் ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தது. தெரிகிறதே, அந்தத் தெரிதலுக்கு நெஞ்சு அடிக்கவில்லை. வேர்க்கவும் இல்லை. மழை விழுவதும் அதற்குத் தெரிந்தது, அருவி இரைவதும் தெரிந்தது, ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒருவன் நிற்கிற வண்டியில் உட்கார்ந்து சாகப் பயப்படுவதும் தெரிந்தது. எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தது. எதையும் அது தள்ளவில்லை.

இந்தத் தடவை அடடே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியும் விட்டேன். அது போகவில்லை. அடடேயும் அதற்குத் தெரிந்தது.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பயம் தானாக எங்கேயோ இறங்கிப் போயிற்று. மறுபடி வராது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். வந்திருக்கிறது. மாத்திரையும் நடக்கிறது. அன்றைக்கு நான் இறங்கவில்லை. அதை மட்டும் சொல்லலாம்.

ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள். டிரைவர் சீட்டில் ஏறி என் முகத்தைப் பார்த்தாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"இறங்குனியளா?"

"இல்ல."

துண்டை உதறிப் பின்சீட்டில் போட்டுவிட்டுச் சாவியைத் திருகினாள். ரிவர்ஸ் அவளுக்கு நான் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. முன்னால் சுவர். பின்னால் மங்குஸ்தான் விற்கிற தள்ளுவண்டி ஒன்று வந்து நின்றிருந்தது.

"இப்ப என்ன செய்ய?" என்றாள்.

"கிளட்ச முழுசா மிதி. அவரு நகரட்டும்" என்றேன். தள்ளுவண்டிக்காரர் ஒரு குடும்பத்துக்குப் பழம் உரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரமே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.